வாட்ச் மனசைப் படிக்குமா? உரையாடலில் உணர்வை அளக்கும் சென்சார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்ஸ்அப்பில் "சரி" என்று ஒரு பதில் வருகிறது. அது சம்மதமா, சலிப்பா, கோபத்தை விழுங்கிக்கொண்ட சரியா? நேரில் என்றால் குரலிலேயே தெரிந்துவிடும். எழுத்தில் தொலைந்துபோகும் அந்தக் குரலை உடம்பிலிருந்து எடுத்து அனுப்ப முடியுமா என்று இருபது வருடங்களுக்கு மேலாக முயற்சி நடக்கிறது. கடையில் வாங்கும் கைக்கடிகாரம்கூட "உங்களுக்கு மன அழுத்தம்" என்று சொல்ல ஆரம்பித்த பிறகு, இதைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இங்கே.

கையில் கட்டுகிற சென்சார் உண்மையில் எதை அளக்கிறது?

பெரும்பாலும் நான்கு விஷயங்கள்: தோலின் மின்கடத்தல், நாடித்துடிப்பு, தோலின் வெப்பம், கையின் அசைவு.

முதலாவதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி. தேர்வு முடிவு பார்க்கப் போகும்போது உள்ளங்கை ஈரமாகும் இல்லையா, அதுதான் அடிப்படை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றை இயக்குவது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத பரிவு நரம்பு மண்டலம். மனம் சற்று விழித்தாலே, கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்வை சுரப்பிக் குழாய்களில் ஏறும். தோல் மின்சாரத்தைச் சற்று எளிதாகக் கடத்தும். இரண்டு மின்முனைகளை ஒட்டி, நாம் உணரவே முடியாத மின்னோட்டத்தைச் செலுத்தி அந்த மாற்றத்தைப் பிடிக்கிறார்கள். அளவு, மின்கடத்தலின் அலகான மைக்ரோசீமென்ஸில் வரும். இது நேற்று வந்த கண்டுபிடிப்பும் இல்லை. பிரான்சில் ஷார்ல் ஃபெரே 1888இலும், ரஷ்யாவின் தர்கானோவ் 1890இலும் இதைப் பதிவு செய்துவிட்டார்கள்.

நாடித்துடிப்பை வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு அளக்கிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறையும். துடிப்பின் வேகத்தைவிடத் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பது முக்கியம். நிம்மதியாக இருக்கும்போது மூச்சை இழுத்தால் துடிப்பு சற்று வேகமெடுக்கும், விட்டால் தளரும். பதற்றத்தில் இந்த ஏற்ற இறக்கம் சுருங்கும்.

வெப்பமும் அசைவும் துணைக்கு. அசைவு தெரியாவிட்டால், மாடிப்படி ஏறியதையும் மனம் பதறியதையும் பிரிக்கவே முடியாது.

அப்படியானால் நான் கோபமாக இருக்கிறேனா சந்தோஷமாக இருக்கிறேனா என்று அதற்குத் தெரியுமா?

தெரியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

உளவியலாளர் ஜேம்ஸ் ரஸல் 1980இல் உணர்வுகளை இரண்டு அச்சுகளில் வரைந்து காட்டினார். ஒன்று கிளர்ச்சி: உடல் எவ்வளவு விழித்திருக்கிறது. இன்னொன்று இனிமை: அந்த அனுபவம் பிடிக்கிறதா, கசக்கிறதா. வியர்வை முதல் அச்சை நன்றாகச் சொல்லும். இரண்டாவது அச்சைப் பற்றி ஏறக்குறைய ஊமை. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியும் மைத்துனர் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அனுப்பிய செய்தியும் வரைபடத்தில் ஒரே மாதிரி மேடாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு உணர்வுக்கும் உடம்பில் தனிக் கைரேகை உண்டா என்று பலர் தேடியிருக்கிறார்கள். 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 202 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கோபத்துக்கென்றோ பயத்துக்கென்றோ நிலையான ஒரு உடல் அடையாளம் அதில் அகப்படவில்லை. ஒரே கோபம் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை உடம்பில் வேறுவிதமாக வருகிறது.

நம் உடம்பின் கிளர்ச்சிக்கு நாமே தவறான பெயர் வைப்பதும் உண்டு. 1974இல் டட்டனும் ஏரனும் கனடாவில் கபிலானோ தொங்குபாலத்தில் செய்த சோதனை பிரபலம். ஆடும் பாலத்தில் ஓர் இளம்பெண்ணிடம் பேட்டி கொடுத்த ஆண்கள், உறுதியான தாழ்ந்த பாலத்தில் பேட்டி கொடுத்தவர்களைவிட அதிகமாகப் பிறகு அவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். பாலத்தின் படபடப்பைப் பெண்ணின் மேல் ஏற்றிவிட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

எனக்கு இந்த இடத்தில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வரும். மெய்ப்பாடு என்றால் மெய்யில், அதாவது உடம்பில், வெளிப்படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. அடுத்துத் தொல்காப்பியர் செய்வதுதான் அழகு. ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறக்கிறது என்று நான்கு நிலைக்களன் சொல்கிறார். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை (அரசன்). அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு (இருந்த நிலை தாழ்வது), வறுமை. உடம்பில் தெரிவதற்குப் பெயர் வைக்க, எதிரே நிற்பது புலியா அரசனா என்ற சூழல் வேண்டும். சென்சாரிடம் அந்தச் சூழல் இல்லை. எப்போது, எவ்வளவு என்று மட்டும் அது சொல்லும். என்ன உணர்வு என்பதைக் கட்டியிருப்பவர்தான் சொல்ல வேண்டும். கீழே வரும் எல்லாப் பதில்களையும் இந்த வேறுபாட்டோடு சேர்த்தே படியுங்கள்.

சாட் செய்யும்போது இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்களா?

நிறையவே. 2002இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் மீடியா ஆய்வகத்தில், தோலின் மின்கடத்தலுக்கேற்ப எழுத்தின் தோற்றம் மாறும் ஒரு சாட் செயலியைச் செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஜப்பானில் ஒரு குழு அசையும் எழுத்துகளைக் கொண்டு முயன்றது. அவர்கள் செய்த பங்கீடு எனக்குப் பிடித்தது: எவ்வளவு கிளர்ச்சி என்பதை விரலில் இருந்த சென்சார் சொன்னது, இனிமையா கசப்பா என்பதை எழுதுபவரே தேர்ந்தெடுத்தார். அந்தக் காலத்திலேயே வரம்பைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

2015இல் வந்த ஆப்பிள் வாட்ச் இரண்டு விரலை அழுத்திப் பிடித்தால் உங்கள் இதயத்துடிப்பை இன்னொருவரின் மணிக்கட்டுக்கு அதிர்வாக அனுப்பியது. 2017இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் பங்கேற்ற 'ஹார்ட்சாட்' என்ற சோதனைச் செயலி, துடிப்பை நிறமாகச் செய்திக் குமிழியிலேயே காட்டியது.

எனக்கு மிக நெருக்கமானது 2021இல் வெளியான 'சிக்னிஃபிகன்ட் ஆட்டர்'. தம்பதிகளுக்கான வாட்ச் செயலி. துடிப்பைப் பார்த்து அது சில நீர்நாய்ப் படங்களைப் பரிந்துரைக்கும்: ஒன்று உற்சாகமாக, ஒன்று களைத்து, ஒன்று பதறி. எதை அனுப்புவது, அனுப்புவதா வேண்டாமா என்று கட்டியிருப்பவர் முடிவு செய்வார். எதிர்ப்பக்கம் இருப்பவர் ஓர் அணைப்பையோ ஆறுதலையோ திருப்பி அனுப்பலாம். எண் எதுவும் போகாது. கொரோனா காலத்தில் பிரிந்திருந்தவர்களும் இதைப் பயன்படுத்தினார்கள். "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல ஒரு சிறு வழி. அதற்கு மேல் இந்தத் தொழில்நுட்பத்திடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அடுத்தவரின் துடிப்பைப் பார்த்தால் நெருக்கம் கூடுமா?

எங்கே, யாரிடம் என்பதைப் பொறுத்தது. பெர்க்லியில் மெரில், செஷயர் என்ற இருவர் 2017இல் ஒரு நம்பிக்கை விளையாட்டு நடத்தினார்கள். முன்பின் தெரியாத கூட்டாளியின் துடிப்பு என்று ஒன்றைத் திரையில் காட்டினார்கள். துடிப்பு உயர்ந்திருக்கிறது என்று பார்த்தவர்களிடம் ஒத்துழைப்பு குறைந்தது. அறியாத ஆளின் படபடப்பை மனம் எளிதில் கெட்டதாக எடுத்துக்கொள்கிறது.

நெருங்கியவர்களிடம் இது மாறும். கணவரின் துடிப்பு ஏறியிருப்பதைப் பார்க்கும் மனைவிக்கு அவர் பஸ் பிடிக்க ஓடுகிறார் என்று தெரியும். சூழலைத் தெரிந்தவருக்குத்தான் எண் பொருள்படும். அலுவலக வீடியோ கூட்டத்தில் எல்லோர் துடிப்பையும் பெயருக்குப் பக்கத்தில் காட்டலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். செய்யவே கூடாது. பேசும் முறை வந்ததும் பதறுகிற புதியவரைத்தான் அது முதலில் காட்டிக்கொடுக்கும்.

எந்தச் செய்தியால் எந்த மாற்றம் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளியே எளிதாகத் தெரிந்து உள்ளே கையைச் சுடும் வேலை இது.

ஒரு தூண்டலுக்குத் தோல் பதில் சொல்ல சுமார் 1 முதல் 3 நொடி ஆகும். பிறகு ஏறி, மெதுவாக இறங்கும். இறங்கி முடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்தால் இரண்டு மேடுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். குடும்பக் குழுவில் நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் எது சித்தப்பாவுக்கு, எது அத்தைக்கு என்று பிரிப்பது பெரும்பாடு.

போனின் கடிகாரமும் சென்சாரின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். சில நொடி விலகினாலும் உங்கள் பதற்றம் தவறான செய்தியின் தலையில் விழும். செய்தி வந்த நேரம் ஒன்று, திறந்து படித்த நேரம் வேறு. அனுப்பியவர் எழுதும்போது இருந்த மனநிலையோ இன்னும் முன்னது. காலையில் கோபத்தில் எழுதியதை மாலையில் படிக்கும்போது எழுதியவர் சமாதானமாகியிருப்பார். இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்காத எந்த வரைபடத்தையும் நான் நம்புவதில்லை.

ஒருமுறை இடதுகையின் இரண்டு விரல்களில் மின்முனை ஒட்டிக்கொண்டு என் அக்காவோடு அரை மணி நேரம் சாட் செய்தேன். பேச்சு அம்மாவின் சிகிச்சைச் செலவு பற்றி. பிறகு வரைபடத்தையும் செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உயரமான மேடு எந்தச் செய்தியின் மேலும் விழவில்லை. அக்கா "டைப்பிங்" என்று காட்டி, நின்று, மறுபடி காட்டி, நின்ற அந்த இடைவெளியில் விழுந்திருந்தது. அவள் எழுதி அழித்த வாக்கியத்துக்கு என் உடம்பு பதில் சொல்லியிருக்கிறது. செய்திகளை மட்டும் சேகரித்திருந்தால் அந்த மேட்டுக்குக் காரணமே கிடைத்திருக்காது.

துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல் என்கிறார்களே?

எதில் என்று கேளுங்கள். 2018இல் வெளியான வெசாட் என்ற தரவுத் தொகுப்பில், அழுத்தம் உண்டா இல்லையா என்று பிரிப்பதில் 93 சதவீதம் வரை எட்டினார்கள். பங்கேற்றவர்கள் 15 பேர். அழுத்தம் எப்படி உண்டாக்கப்பட்டது? ஆய்வுக்கூடத்தில், ஆட்கள் முன்னால் பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்து. அப்படிப்பட்ட நிலையில் உடம்பு கூச்சல் போடும். கணினிக்குக் கேட்பது கடினமில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு "சரி" என்று படிக்கும்போது உடம்பு முணுமுணுக்கத்தான் செய்யும்.

இன்னொரு சிக்கல், சரியான விடை யாரிடம் இருக்கிறது என்பது. தென்கொரியாவில் உருவான கே-எமோகான் தொகுப்பு (2020) இதை நேர்மையாக எதிர்கொண்டது. 32 பேர், இரண்டிரண்டு பேராக, ஜெஜு தீவுக்கு வந்த யேமன் அகதிகள் பற்றிச் சுமார் 10 நிமிடம் விவாதித்தார்கள். பிறகு காணொளியை ஓட்டி, 5 நொடிக்கு ஒருமுறை உணர்வைக் குறித்தார்கள்: பேசியவரே, எதிரே இருந்தவர், வெளியிலிருந்து பார்த்தவர்கள் என மூன்று தரப்பும். மூன்று தரப்பையும் தனித்தனியாக வைத்ததுதான் அதன் பெருமை. "கணினி 85 சதவீதம் சரியாகச் சொன்னது" என்று யாராவது சொன்னால், மூன்றில் யார் சொன்னதற்குச் சரி என்று கேட்க இது நமக்குக் கற்றுத்தருகிறது.

நம் ஊர் வெயிலில், நம் தோல் நிறத்தில் இது வேலை செய்யுமா?

வெயில் பெரிய இடைஞ்சல். உள்ளங்கை வியர்வை மனதுக்கு அதிகம் கட்டுப்படும். மணிக்கட்டு வியர்வையில் உடம்பைக் குளிர்விக்கும் பங்கு பெரிது. மே மாதச் சென்னையில் மின்விசிறி நின்றாலே வாட்ச் அதைப் பதற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். மறுபுறம், ஏசி அறையில் தோல் உலர்ந்து சமிக்ஞை படுத்துவிடும். வண்டியில் வந்து இறங்கியவரைக் கால் மணி நேரமாவது உட்காரவைத்த பிறகே அளக்கத் தொடங்க வேண்டும்.

தோல் நிறக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். வாட்ச்களை வெவ்வேறு நிறத்தவரிடம் சோதித்த 2020ஆம் ஆண்டின் ஓர் ஆய்வில், துடிப்பு அளவில் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அசைவுதான் பிழையைக் கூட்டியது. ஆனால் அதே ஆண்டு அமெரிக்க மருத்துவமனைகளின் விரல் ஆக்சிமீட்டர்களைப் பற்றி வந்த ஆய்வு, கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை அந்தக் கருவி தவறவிடும் விகிதம் வெள்ளையரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று காட்டியது. ஒளியை நம்பும் எந்தக் கருவியையும் நம்மைப் போன்ற தோலில் சோதித்தார்களா என்று கேட்பது நம் உரிமை.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. கோயில் கயிறும் வளையல்களும் இருக்கும் கையில் வாட்ச் சரியாகப் படியாது. பச்சை குத்திய இடத்தில் விளக்கு திணறும்.

கடையில் வாங்கும் வாட்சே போதுமா?

ஆர்வத்துக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது. பல வாட்ச்களில் தோல் மின்கடத்தல் சென்சாரே இல்லை. துடிப்பை வைத்தே "ஸ்ட்ரெஸ்" கணக்கு வருகிறது. ஃபிட்பிட் சென்ஸ் (2020) என்ற வாட்ச் மின்கடத்தல் சென்சாரைக் கொண்டுவந்தது. ஆய்வுகளில் நீண்ட காலம் புழங்கியது எம்பாட்டிகா நிறுவனத்தின் ஈ4 கைப்பட்டை. மூலத் தரவை அப்படியே எடுக்க முடிந்தது அதன் பலம். கம்பெனி சமைத்துக் கொடுக்கும் ஒற்றை எண்ணை வைத்து எதையும் சரிபார்க்க இயலாது.

ஆப்பிள் 2023இல் மனநிலைப் பதிவைக் கொண்டுவந்தபோது, அத்தனை சென்சார்கள் இருந்தும், "எப்படி இருக்கிறது மனம்?" என்று பயனரிடமே கேட்கும்படிதான் வடிவமைத்தது. அதுவே சரியான வழி.

"உங்களுக்கு ஸ்ட்ரெஸ்" என்று வாட்ச் சொன்னால் நம்பலாமா?

தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுக்காதீர்கள். காரணம், அந்தச் சொல்லே உங்களை மாற்றும். 2016இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 'எமோஷன்செக்' என்ற கைக்கருவியைச் சோதித்தார்கள். அது மெல்ல அதிரும். அதிர்வு உங்கள் இதயத்துடிப்புதான் என்று சிலரிடம் சொன்னார்கள். உண்மையில் அது நிமிடத்துக்கு 60 என்ற நிதானமான செயற்கைத் துடிப்பு. நம்பியவர்களின் பதற்றம் குறைந்தது. நிதானமாக இருக்கிறாய் என்று கருவி சொன்னால் மனம் நிதானமாகிறது என்றால், பதறுகிறாய் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். நள்ளிரவில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

வேலை செய்யும் இடத்தில் கட்டிக்கொள்ளச் சொன்னால்?

ஐரோப்பிய ஒன்றியம் தெளிவாக முடிவெடுத்துவிட்டது. அதன் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடத்திலும் கல்வி நிலையத்திலும் உடல் தரவிலிருந்து உணர்வை ஊகிக்கும் கருவிகளைத் தடை செய்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. 2025 பிப்ரவரி 2 முதல் தடை நடைமுறையில் இருக்கிறது.

இந்தியாவில் அப்படி ஒரு தடை இல்லை. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவையும் முகவரியையும் ஒரே தட்டில் வைக்கிறது. கூடுதல் பாதுகாப்புள்ள தனிப் பிரிவு கிடையாது. வேலை தொடர்பான சில நோக்கங்களுக்குச் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாளவும் இடம் தருகிறது. எனக்கு இது கவலையளிக்கிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் உடல்நலத் தரவையும் உயிரியளவுத் தரவையும் சிறப்புப் பிரிவில் சேர்த்திருப்பது ஒரு படி மேல்.

ஆகவே கட்டச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மூலத் தரவு யாரிடம் போகிறது, எத்தனை நாள் இருக்கும், என் மதிப்பீட்டில் இது சேருமா, மறுத்தால் என்ன ஆகும். கால் சென்டரில் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கிக்கொண்டு முகம் மாறாமல் பேசுவதே பாதி வேலை. அவர் உள்ளே அடக்கியதைக் கைப்பட்டை வழியாக எடுத்து மேலாளர் திரையில் போடுவதை எந்த உற்பத்தித்திறன் கணக்கும் நியாயப்படுத்தாது.

பிறகு யாருக்குத்தான் இது உதவும்?

சொல்ல முடியாதவர்களுக்கு. மனித உணர்வைக் கணினி அறியச் செய்யும் உணர்வுக் கணிமை என்ற துறையைத் தொடங்கிவைத்த ரோஸலிண்ட் பிக்கார்ட் சொல்லிவரும் ஒரு நிகழ்ச்சி உண்டு. விடுமுறைக்கு வீட்டுக்குப் போன ஒரு மாணவர், பேச இயலாத ஆட்டிசம் கொண்ட தம்பிக்கு எது அழுத்தம் தருகிறது என்று அறிய இரண்டு கைப்பட்டைகளை வாங்கிப் போனார். தரவைப் பார்த்தபோது ஒரு கையில் மட்டும் நம்ப முடியாத உயரத்துக்கு ஒரு மேடு. கருவிக் கோளாறு என்றுதான் பிக்கார்ட் முதலில் நினைத்தார். மாணவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, அந்த வேளையை ஒட்டித் தம்பிக்கு வலிப்பு வந்திருந்தது. அந்தப் பாதையில் வந்த 'எம்ப்ரேஸ்' கைப்பட்டைக்கு 2018இல் வலிப்பைக் கண்காணிக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி கிடைத்தது. உணர்வைத் தேடிப் போன கருவி உயிரைக் காக்கும் கருவியானது.

வெளியே அமைதியாக இருக்கும் ஒரு குழந்தை உள்ளே கொதித்துக்கொண்டிருக்கலாம். அதைப் பெற்றோரோ ஆசிரியரோ முன்கூட்டியே அறிந்து சத்தத்தைக் குறைத்தால், ஓர் இடைவேளை கொடுத்தால், அந்தக் குழந்தையின் நாள் மாறும். அப்போதும் அந்தக் குழந்தை பட்டையைக் கழற்றி எறிந்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நானே வீட்டில் சோதித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. எழுதப் பயன்படுத்தாத கையில் கட்டுங்கள். தட்டச்சு அசைவே பாதித் தரவைக் கெடுத்துவிடும். தொடங்கும் முன் 5 நிமிடம் சும்மா உட்கார்ந்து உங்கள் அடிநிலையைப் பதிவு செய்யுங்கள். இன்னொருவர் அளவோடு ஒப்பிட வேண்டாம். சிலருக்கு இயல்பாகவே தோலின் மின்கடத்தல் அதிகம் மாறாது. காபி குடித்த நேரம், படி ஏறிய நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே, ஒவ்வொரு செய்திக்கும் மனதில் என்ன இருந்தது என்று உங்கள் சொல்லில் எழுதுங்கள். பார்த்த பிறகு எழுதினால் மேட்டுக்கு ஏற்ற காரணத்தை மனம் தானே தைத்துவிடும்.

எதிர்ப்பக்கம் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அக்காவிடம் நான் பிறகுதான் சொன்னேன். அவள் இரண்டு நாள் எனக்கு "சரி" என்று மட்டுமே பதில் அனுப்பினாள்.